அடுப்பின் வாய்

குக்கரை இறக்கி வைத்தபோது அதன் அடி கறுத்திருந்தது. விரலை வைத்தேன், மை போல ஒட்டியது. கேஸ் அடுப்பு வந்து நாற்பது வருடமான வீடு இது. கரிப்பாத்திரம் கழுவும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. குனிந்து தீயைப் பார்த்தேன். மஞ்சள். நீளநீளமாக எழும்பி, நுனி சுருண்டு, ஆடிக்கொண்டே எரிந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. கண் கரித்தது.

2024 டிசம்பர் முதல் வாரம் அது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. ஏறிய பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தண்ணீர் எட்டிப்பிடிக்க, ரயில்களை நிறுத்தினார்கள். சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்து அரசூரில் நெடுஞ்சாலையை மூடியது. திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்குள் வந்தது மழைத் தண்ணீரும் சாக்கடையும் கலந்த சேறு. எங்கள் சமையல் மேடை, அம்மா உட்கார்ந்து சமைப்பதற்காகக் கட்டியது. தரையிலிருந்து ஒரு முழம்தான். அடுப்பு ஓர் இரவு முழுக்கச் சேற்றுக்குள் கிடந்தது. வடிந்ததும் துடைத்து, காயவைத்து, டியூபையும் ரெகுலேட்டரையும் புதிதாக மாற்றிப் பற்றவைத்தோம். எரிந்தது. எரிகிறதே என்று இருந்துவிட்டேன்.

முப்பத்தொரு வருடம் வேதியியல் பாடம் நடத்தியவள் நான். முழுமையான எரிதல், முழுமையற்ற எரிதல் என்று பலகையில் இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் நீலம், இன்னொன்றில் மஞ்சள் என்று எழுதிக் காட்டியிருக்கிறேன். அந்தப் பாடம் என் அடுக்களையில் நான்கு நாள் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. குக்கரின் அடி கறுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

அடுப்பு ரிப்பேர் செய்கிற தம்பி அந்த வாரம் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளில் ஒரு பை. பைக்குள் ஸ்பேனர், பிரஷ், பழைய பர்னர் மூடிகள், ஒரு சோப்பு டப்பா. வந்தவர் அடுப்பைத் தொடவில்லை. எரியவிட்டுப் பார்த்தார். தலையைத் தாழ்த்தி, தீ இருக்கும் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தார். ஒரு வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல இருந்தது.

“சிலிண்டர மூடிடுங்க டீச்சர். ஜன்னல தெறங்க.”

“எரியுதேன்னுதான் தம்பி கூப்பிடாம இருந்தேன்.”

“எரியுது. காத்து பத்தாம எரியுது.”

பர்னரைக் கழற்றிக் கவிழ்த்துத் தரையில் மெல்லத் தட்டினார். காய்ந்த வண்டல் பொடிப்பொடியாக விழுந்தது. அடுப்பின் வயிற்றுக்குள் போகிற கலவைக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். மறுமுனை தெரியவில்லை. குழாயின் பாதியைச் சேறு அடைத்திருந்தது.

கேஸ் அடுப்பில் நம் கண்ணுக்குத் தெரிவது மூடியும் அதைச் சுற்றி எரிகிற தீயும்தான். வேலையெல்லாம் நடப்பது அதற்கு முந்தைய ஒரு சாண் நீளக் குழாயில். சிலிண்டருக்குள் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கும் வாயுவை ரெகுலேட்டர் அடக்கி, சுமார் 30 சென்டிமீட்டர் தண்ணீர்த் தூண் அளவு அழுத்தத்துக்குக் கொண்டுவருகிறது. அந்த வாயு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஜெட் துளை வழியாகப் பீய்ச்சி வெளியே வருகிறது. வரும் வேகத்தில் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் நுழைகிறது. மோட்டாரும் கிடையாது, துருத்தியும் கிடையாது. வாயுவின் வேகமே காற்றைக் கூட்டி வருகிறது. எரிவதற்குத் தேவையான காற்றில் ஏறக்குறைய பாதி இப்படி உள்ளே வந்து கலக்கும். மீதியைத் தீ மேலே வந்த பிறகு சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு காற்று என்ற கணக்கு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு. நம் சிலிண்டரில் இருப்பது இவை இரண்டும் கலந்ததுதான். ஆக, அடுப்பில் எரிவதில் பெரும்பங்கு நாம் காசு கொடுத்து வாங்காதது. அதற்குக் கேட்கப்படுவது ஒரு திறந்த வழி மட்டும்.

தம்பி குழாயைத் தண்ணீர்விட்டுக் கழுவி, துணி நுழைத்துத் துடைத்தார். பர்னர் மூடியின் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தார். ஜெட்டுக்கு வந்ததும் கை மாறியது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, மின்சார ஒயரைப் பிரித்து அதிலிருந்து ஒரே ஒரு செம்பு நூலை எடுத்தார்.

“எல்லாரும் இதுல ஊசிய உட்டுக் குத்திடறாங்க டீச்சர். பித்தள மெத்துன்னு இருக்கும். ஓட்ட ஒரு நூலு பெருசானாக்கூட அப்பறம் காலத்துக்கும் மஞ்சளாதான் எரியும்.”

எவ்வளவு சரி. துளை அகன்றால் வாயு கூடுதலாக வரும், அதற்கு ஈடாக இழுத்துவரும் காற்று பற்றாது. அடைத்துக்கொண்டது என்று நினைத்துக் குத்துகிறோம். குத்திய பிறகு அடைப்பைவிடப் பெரிய கோளாறு நிரந்தரமாக வந்துவிடுகிறது. பம்ப் ஸ்டவ்வின் துளையில் ஊசி போட்டுப் பழகிய கை அது. பழைய அடுப்பில் சரியாக இருந்த பழக்கம் புதிய அடுப்பைக் கெடுக்கிறது.

மாட்டிய பிறகு டியூப் சேரும் இடங்களில் சோப்பு நுரையைத் தடவினார். நுரை பூக்கவில்லை. கசிவு இருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் கொடுமையான வழக்கத்தை இன்னும் சில வீடுகளில் பார்க்கிறேன். சோப்பு நுரை ஒரு நிமிட வேலை. கேஸ் டியூபையும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். டியூபின் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். அதைப் படிப்பவர்கள்தான் குறைவு.

எங்கள் பழைய அடுப்பில் கலவைக் குழாயின் வாயில் ஒரு தகட்டு வளையம் உண்டு. எல்லா அடுப்பிலும் இது இருக்காது. வளையத்தைத் திருப்பினால் காற்று நுழையும் வழி கூடும், குறையும். தம்பி பற்றவைத்துவிட்டு அந்த வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். மஞ்சள் நுனிகள் ஒவ்வொன்றாகக் குட்டையாயின. பிறகு காணாமல் போயின. ஒவ்வொரு துளையின் மேலும் பச்சை கலந்த நீலத்தில் கூர்மையான ஒரு மொட்டு. அதைச் சுற்றி மெல்லிய ஊதாப் போர்வை. “பாருங்க” என்று இன்னும் கொஞ்சம் திருப்பினார். தீ துளையை விட்டு எழும்பி, அந்தரத்தில் நின்று, உஸ் என்று சீறியது. காற்று மிஞ்சினால் இப்படி. சூடு பாத்திரத்துக்குப் போகாது, தீ அணைந்து அணைந்து எரியும், எரியாத வாயு வெளியே கசியும். திரும்பப் பின்னால் கொண்டுவந்து மஞ்சள் மறைந்த இடத்தில் நிறுத்தி, திருகை இறுக்கினார்.

எழுபதுகளின் கடைசியில் கல்லூரி ஆய்வகத்தில் இதே வளையத்தைத்தான் நான் முதலில் தொட்டேன். புன்சன் அடுப்பின் கழுத்தில் இருக்கும் காற்றுத் துளை வளையம். 1855-ல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் அந்த அடுப்பு உருவானது. பேர் பேராசிரியர் ராபர்ட் புன்சனுடையது. வாயுவையும் காற்றையும் எரிவதற்கு முன்பே கலக்கலாம் என்ற யோசனையை உலோகமாக்கிக் கையில் கொடுத்தவர் பல்கலைக்கழகப் பட்டறையில் இருந்த பேட்டர் டெசாகா. பாடப்புத்தகத்தில் நான் டெசாகாவின் பேரைப் பார்த்ததில்லை. அன்று எங்கள் வீட்டுத் தரையில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது அவர் நினைவுதான் வந்தது.

மஞ்சள் தீ கெட்டது என்று சொல்லிவிட முடியாது. விளக்குக்கு மஞ்சள்தான் வேண்டும். 1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்காக ஆறு விரிவுரை நிகழ்த்தினார். சுடர் ஒளிர்வது அதற்குள் எரியாமல் மிதக்கும் கரித்துகள்கள் பழுத்துச் சிவப்பதால்தான் என்று காட்டினார். நம் வீடுகளில் இதை வேறு விதமாக அறிந்திருந்தார்கள். விளக்கெண்ணெய்த் திரியை ஏற்றி, அதன் மேலே தட்டைக் கவிழ்த்து, படியும் கரியை வழித்துக் குழந்தைக்குக் கண்மை எழுதினார்கள். ஃபாரடே சொன்ன அதே கரி. விளக்கில் நமக்கு ஒளி வேண்டும். ஒளிக்குக் கரி வேண்டும். அடுப்பில் வேண்டியது சூடு. அங்கே கரி என்பது எரிந்திருக்க வேண்டியது எரியாமல் போனதன் மிச்சம். என் குக்கரின் அடியில் ஒட்டியிருந்தது கண்மைதான். நான்கு நாளாகச் சிலிண்டரிலிருந்து அதைத் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

கரி கண்ணுக்குத் தெரியும். அதே அரைகுறை எரிதலில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு தெரியாது. நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்கு இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். வெள்ளத்துக்குப் பிறகு கொசு என்று எல்லோரும் ஜன்னலை அடைத்துக்கொண்டு சமைத்தோம். விழுப்புரத்தில் மகள் வீட்டிலும் அப்படித்தான். மஞ்சள் தீயும் சாத்திய ஜன்னலும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னேன். “அம்மா, தலைவலிக்குதுன்னு நேத்துதான் மாத்திர போட்டேன்” என்றாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் ஆயாவுக்கு இதெல்லாம் எந்தப் பேரிலும் தெரியாது. மரக்காணத்துக்கு இந்தப் பக்கம், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஊர். சவுக்கு மிளாறு, மல்லாட்டை ஓடு, வறட்டி, மழைக்காலத்துக்கென்று பரணில் ஏற்றிவைத்த புளியங்கட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் சொல்வாள். நான் உதவுகிறேன் என்று விறகை அடுப்பு நிறையத் திணித்தால் பாதியை வெளியே இழுத்துப் போடுவாள். “அடுப்பு வாய அடைக்காத. அதும் மூச்சு வுடணும்ல.” ஊதுகுழலை எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்பதை அவள் புகையின் நிறத்தை வைத்து முடிவு செய்வாள். கறுத்துச் சுருளும் புகை என்றால் காற்று வேண்டும். வெளுத்த புகை என்றால் விறகில் ஈரம். கண்ணில் படாத புகை என்றால் உலை வைக்கலாம். ஆனால் மூன்று கல் அடுப்பில் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் சூட்டில் பெரும்பகுதி ஊருக்குத்தான் போகும். மிச்சப் புகை அவள் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போனது. ஐம்பது தாண்டியதும் பார்வை மங்கத் தொடங்கியது. இருமல் அதற்கும் முன்பே வந்துவிட்டது. அதனால் விறகடுப்பை நினைத்து ஏங்க என்னால் முடியாது. 2007-ல் அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியபோது ஆயா உயிரோடு இல்லை. அந்த அடுப்பு எங்கள் ஊர் வீடுகளில் இறங்கியதைப் பார்த்தபோது, ஒரு இருபது வருடம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று தொண்டை அடைத்தது.

இந்தப் பக்கத்துத் தீயைப் பற்றி நம்மிடம் மிகப் பழைய பதிவு ஒன்று இருக்கிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை. பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன்; அவனுடைய கிடங்கில்தான் இன்று திண்டிவனத்தில் இருக்கும் கிடங்கல். பாணர்கள் முதலில் சேரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அங்கே ஒரு நெய்தல் நிலத்துப் பெண், அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமரத்தை விறகாக்கித் தீ மூட்டுகிறாள். தூங்கும் ஒட்டகத்தைப் போல அந்த மரம் கிடக்கிறது என்கிறார் புலவர். பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் ஒட்டகத்திலும் மணத்திலும் நின்றுவிட்டார். நான் அடுத்த சொற்களில் நிற்கிறேன். அந்தத் தீக்குப் புலவர் கொடுத்த நிறம் சிவப்பு, புகைக்குக் கறுப்பு. கடலில் ஊறிய மரம் வேறெப்படி எரியும்? சூட்டில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக்கப் போய்விடும். குளிர்ந்த தீ கரியை முழுதாக எரிக்காமல் விட்டுவிடும். ஈர விறகின் தீயைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரால்தான் இரண்டு நிறத்தையும் சேர்த்துச் சொல்ல முடியும். மணம் வீசும் விறகு என்பதற்காக அந்தப் பெண்ணின் கண் எரியாமல் இருந்திருக்காது.

சாலை சீரானதும் மகளைப் பார்க்க பஸ் ஏறினேன். விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். வாசலிலேயே பரோட்டாக் கல். கீழே ஹை பிரஷர் பர்னர் இரைந்துகொண்டிருந்தது. பேசினால் காது கேட்காது. மாஸ்டர் மாவை வீசிக்கொண்டே ஒரு நொடி தலையைச் சாய்த்தார், குனிந்து வால்வை ஒரு துளி திருப்பினார், இரைச்சலின் சுருதி மாறியது, மறுபடி மாவுக்குப் போனார். அவர் தீயைப் பார்க்கவே இல்லை. காதால் கேட்டே சரிசெய்தார். எந்தச் சத்தத்துக்கு எந்தத் தீ என்று அவருக்கு மனப்பாடம்.

பின்பக்கம் போனபோது 19 கிலோ சிலிண்டர் ஒன்றின் கீழ்ப்பாதி வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. ஒரு பையன் அதைப் படுக்கவைக்கப் போனான். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். பையன் பயந்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. அப்படிச் செய்தால் தீ கூடுகிறது என்று பார்த்துப் பழகியிருக்கிறான். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது வாயுவாக மாறச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை இரும்பிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. பெரிய அடுப்பு வேகமாக இழுத்தால் இரும்பு குளிர்ந்து, பனி பூத்து, வாயு வருவது குறைந்துவிடும். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே டியூபில் இறங்கும். ஒரு பங்கு திரவம் விரிந்தால் ஏறக்குறைய 250 பங்கு வாயு. பரோட்டாக் கல்லின் கீழே அது வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பையனிடம் சொன்னேன். இரண்டு சிலிண்டரைச் சேர்த்து மாட்டினால் இரண்டும் பாதிப்பாதி இழுக்கும், பனி பிடிக்காது என்று முதலாளியிடமும் சொன்னேன். “சரிங்கம்மா, செஞ்சிடலாம்” என்றார். திரும்பி வரும்போது அந்தக் கடையில் பஸ் நிற்கவில்லை.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, வாசற்படி தாண்டி, பள்ளம் இருக்கும் பக்கம் இறங்கி, கட்டிலடியில் தேங்கும். அந்த மழை இரவில் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வந்து எங்கே தங்கியதோ, அதே வழியில்தான் கேஸும் போகும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளப் போதும். அதற்காகத்தான் தனக்கென்று மணமில்லாத வாயுவில் அந்த அழுகிய நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். நாற்றம் வந்தால் சிலிண்டரை மூடி, கதவைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். சுவிட்சைத் தொடக் கூடாது. போடவும் கூடாது, அமத்தவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு நாற்றத்தை விரட்டலாம் என்று தோன்றும். அந்தப் பொறியே போதும். வெளியே வந்த பிறகு போனில் 1906.

சிக்கனம் என்று பேச்சு வந்தால் சிலிண்டர் விலையில் தொடங்கி விலையிலேயே முடித்துவிடுகிறோம். நான் ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். ஒரு கிராம் வாயு எரிந்தால் சுமார் 10.9 கிலோ கலோரி. வீட்டு அடுப்பு ஐஎஸ்ஐ முத்திரை வாங்க அதில் குறைந்தது 68 சதவீதம் பாத்திரத்துக்குள் போயாக வேண்டும். நம் ஊர்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க 70 கிலோ கலோரி. ஆக, ஒன்பதரை கிராம் போதும். 14.2 கிலோ சிலிண்டரில் 1500 லிட்டர் கொதிக்கும். பாத்திரத்தின் அடியைவிட அகலமாகத் தீயைத் திறந்துவிட்டால், பக்கவாட்டில் ஏறும் தீ அடுக்களையைத்தான் சூடாக்கும். மூடி போடாத பானை, சுழலும் ஃபேன், கரி படிந்த அடி என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். என் அடுப்பு அந்த நான்கு நாளில் எதைக் கொடுத்தது, எதை விட்டது என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. குக்கர் மூன்று விசில் அடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்ததை மட்டும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்போது மழைக்குளிர் என்று எண்ணிக்கொண்டேன்.

தம்பி அடுப்பைச் சரிசெய்துவிட்டுப் போன அன்று மாலை தெருவில் மறுபடியும் மின்சாரம் போனது. மெழுகுவர்த்தியை எடுக்க அடுக்களைக்குள் போனவள் எடுக்காமல் நின்றேன். முதலில் லைட்டரை அடித்தேன். பகலில் நீலத் தீ பாதிதான் கண்ணுக்குத் தெரியும். இருட்டில்தான் அதன் முழு உடம்பும் தெரிகிறது. வட்டமாக மொட்டுகள், ஒரே உயரத்தில், ஆடாமல், சத்தமில்லாமல். கையை நீட்டினால் என் விரல்களே சரியாகத் தெரியவில்லை. அறைக்கு ஒரு துளி வெளிச்சம்கூடத் தராத தீ.

உலைப் பானையை எடுத்து வைத்து, தடவித்தடவி உப்பு ஜாடியைத் திறந்தேன். மரக்காணத்துக் கல்லுப்பு. விரலிலிருந்து இரண்டு மணி தவறிப் பர்னர் மேல் விழுந்தது. அந்த இடத்தில் மட்டும் தீ பொன் மஞ்சளாகப் பொங்கியது. ஒரு நொடி என் நெஞ்சு திக்கென்றது. பிறகு, மாணவிகளுக்குப் பிளாட்டினக் கம்பியில் உப்பைத் தொட்டுக் காட்டிய அதே சோடியத்தின் நிறம் என்று புரிந்து, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். உப்பு படபடவென்று வெடித்துத் தீர்ந்தது. மஞ்சள் ஒடுங்கி, நீலம் திரும்பி வந்தது. பானையை ஏற்றி, தீ அடியைத் தாண்டாத அளவுக்குத் திருகைக் குறைத்து, ஜன்னலை இன்னும் ஒரு சாண் திறந்துவைத்தேன். கொசு வந்தது. வரட்டும் என்று அரிசியைக் களையப் போனேன்.